போர்வைக்குள் ஒரு ஜோடி ஸ்பீக்கர்

மோகனசுந்தரம் வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்கிறார் என்று தெரிந்ததும் கணபதி வட்டாரத்தில் அவருக்குப் பழக்கமான எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏனுங்க, கடைல கிடைக்காததா?" கேட்காமல் மரியாதைக்காக விழுங்கிய இன்னொரு கேள்வியும் அவர்களிடம் இருந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. யாருக்காக இந்த ஆர்ப்பாட்டம்?

அந்தக் கேட்காத ஒருத்தருக்காகத்தான்.

அவர் மனைவி பூங்கொடிக்கு நாற்பத்தெட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது, போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் நான்கு வருடம் அவர் பேச, போன் அதை எழுத்தாக்க, பூங்கொடி படித்தாள். படிப்பவளுக்கு எதற்கு நீட்டி முழக்க வேண்டும் என்று மோகனசுந்தரம் தன் பேச்சைச் சுருக்கிக்கொண்டே வந்தார். "சாப்பாடு ஆச்சா", "கரண்ட் வந்துருச்சு", "பட்டறைக்குப் போறேன்." ஒரு நாளைக்கு இருபது வரி தேறினால் அதிகம்.

அப்புறம்தான் மொட்டு வந்தது. கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாததால் ஜனங்கள் வைத்த பெயர் அது. மல்லிகை மொட்டு அளவில் ஒரு கருவி. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் பதித்துவிட்டால் நேராக நரம்போடு பேசும். பெயர் கொடுத்து எட்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த எட்டு மாதத்தில்தான் ஸ்பீக்கர் பிறந்தது.

கடை ஸ்பீக்கர்கள் எல்லாம் கேட்பவரின் காதை அளந்து, சத்தத்தை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றித் தருகிற காலம். மோகனசுந்தரத்துக்கு அது ஆகாது. "எளநில சர்க்கரை போட்ட மாதிரிங்க" என்பார். பூங்கொடி முதல் பாட்டைக் கேட்கும்போது அது பாடினவர் பாடினபடியே வர வேண்டும். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவருக்குச் செம்புக் கம்பி சுற்றுவது சோறு உண்பது மாதிரி. கனத்த சத்தத்தையும் கீச்சுச் சத்தத்தையும் பிரித்து அனுப்பும் காயில்களைத் தன் கையாலேயே சுற்றினார். மரைன் பிளைவுட்டை வெட்டி, இடுப்புயரத்துக்கு இரண்டு பெட்டி. உள்ளே அதிராமல் இருக்கக் குறுக்குச் சட்டம். காற்று போய் வரப் பிவிசி குழாய். அந்தக் குழாயின் நீளத்துக்காக மட்டும் பதினேழு முறை அறுத்து ஒட்டினார் என்றால் மற்றதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பரேஷன் முடிந்து மொட்டைத் திறக்கும் நாளன்று ஆஸ்பத்திரியில் நஸ்ரின் என்ற பெண் இருவரையும் எதிரில் உட்கார வைத்து விளக்கினாள். காது சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு.

"மொட்டு எல்லா சத்தத்தையும் தராது சார். தந்தா மூளை திணறிடும். நம்ம காதே ஃபேன் சத்தத்தக் கண்டுக்கறதில்லையே? மேடம் மனசு எதைக் கவனிக்குது, எதை விட்டுடுதுன்னு ஏழு நாள் பாத்துக் குறிச்சு வெச்சுக்கும். அந்த ஏழு நாளும் எல்லாமே கேக்கும். எட்டாம் நாள் காலைல பத்து மணிக்குப் பூட்டிக்கும். கவனிக்காம விட்டதெல்லாம் அப்புறம் கேக்காது."

"மிக்ஸி, ரோட்டு எரச்சல் எல்லாம் போயிருமுங்களா?"

"போயிடும். நிம்மதியா இருக்கும். அந்தக் குறிப்புல அப்புறமும் புதுசா சேத்துக்கிட்டே இருக்கும், ஆனா சேத்ததை எடுக்காது. அதனால இந்த ஏழு நாள் வீட்ல வழக்கம்போல இருங்க. டிவியை ஓட விட்டுட்டுப் போறது, ரேடியோவை நாள் பூரா பாட விடறது மட்டும் வேண்டாம்."

மோகனசுந்தரம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

நஸ்ரின் திரையில் எதையோ தொட்டாள். மோகனசுந்தரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பூங்கொடி, கேக்குதா?" என்றார். பூங்கொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்ததும், "உங்க குரல் நெம்பக் கெழடு தட்டிப் போச்சுங்க" என்று சொல்லி அழுதாள். அவரும் அழுதார். தினமும் பார்க்கிற காட்சிதான் என்றாலும் நஸ்ரினும் மூக்கை உறிஞ்சினாள்.

காரில் ஏறியதும் பேச ஆரம்பித்தவர்தான். நான்கு வருடம் அடைத்து வைத்தது மொத்தமும் மடை திறந்துகொண்டது. வேறு என்ன பேசுவார்? ஸ்பீக்கர்தான். பிளைவுட் ஏன் பதினெட்டு மில்லிமீட்டர், பன்னிரண்டு வாங்கியிருந்தால் என்ன கெட்டிருக்கும், குழாய் அரை அங்குலம் நீண்டால் மிருதங்கம் எப்படி வயிறு உப்பிப்போகும். பூங்கொடி சமைத்தாள், அவர் அடுப்படி வாசலில் நின்று பேசினார். அவள் துணி மடித்தாள், இவர் கட்டிலில் உட்கார்ந்து பேசினார். அவளும் சிரித்த முகத்தோடு தலையாட்டினாள், நடுநடுவே "அப்படிங்களா" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆகியும் ஒரு கணவன் இவ்வளவு சந்தோஷமாகப் பேச முடியுமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு நாள் இப்படிப் போயிற்று.

மூன்றாம் நாள் காலையில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

ஸ்பீக்கர் கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பு விறைப்பாக இருக்கும். அது இளகுவதற்கு நூறு மணி நேரம் விடாமல் ஓட்ட வேண்டும். சத்தம் வீட்டில் இருப்பவர்களைப் படுத்தாமல் இருக்க, இரண்டு ஸ்பீக்கரையும் முகத்தோடு முகம் பார்க்க நிறுத்தி, ஒன்றின் கம்பியை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். சத்தத்தில் முக்கால்வாசி இரண்டுக்கும் நடுவிலேயே அடங்கிவிடும். மேலே கனமான போர்வையைப் போட்டு மூடிவிட்டால் அடுத்த அறைக்கு வெறும் முணுமுணுப்புத்தான் வரும்.

எதை ஓட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆண் குரலைவிடக் கறாரான சோதனை கிடையாது, பெட்டியில் கோளாறு இருந்தால் உடனே பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் காட்டிக் கொடுத்துவிடும் என்பது மோகனசுந்தரத்தின் கட்சி. அதனால் தன் குரலையே பதிவு செய்து வைத்திருந்தார். வாசிக்கக் கையில் கிடைத்தது வாஷிங் மெஷின் கையேடு. "துணிகளைப் போடுவதற்கு முன் சட்டைப் பைகளைச் சோதிக்கவும்" என்று ஆரம்பித்துப் பதினோரு நிமிடம். முடிந்ததும் மறுபடி சட்டைப் பை. மூன்றாம் நாள் காலை எட்டரைக்குப் போட்டது, ஏழாம் நாள் மதியம் பன்னிரண்டரை வரை போர்வைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

டிவி வேண்டாம், ரேடியோ வேண்டாம் என்று நஸ்ரின் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் இது டிவியும் இல்லை, ரேடியோவும் இல்லையே! ஸ்பீக்கரைப் பழக்குவதை ஒரு சத்தம் என்று எந்த ஸ்பீக்கர்க்காரனும் கணக்கில் எடுப்பதில்லை.

எட்டாம் நாள் காலை. ஸ்பீக்கர்கள் போர்வை நீங்கி, துடைத்துப் பளபளவென்று சுவரோரம் நின்றன. பூங்கொடி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து அடிக்கும்போது வீணை ஒலிக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. ஒலித்தது. தந்தியில் விரல் உராய்வதுகூடக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு மாத உழைப்புக்கு அந்த ஒரு முகம் போதும்.

"எப்படி இருக்குது?" என்றார்.

பதில் இல்லை. லயித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். வீணை முடிந்தது. அவள் கண்ணைத் திறந்து, "என்னங்க, ஒண்ணுமே சொல்ல மாட்டீங்கறீங்க?" என்றாள்.

"கேட்டுட்டுத்தான இருக்கறேன், எப்படி இருக்குதுன்னு."

பூங்கொடி சிரித்தாள். "வாய மட்டும் அசைக்காதீங்க. இன்னிக்குப் போயி வெளையாடிட்டு."

"வெளையாடலீங்கறேன்! பூங்கொடி! ஏ பூங்கொடி!"

அவர் கத்தியதில் ஜன்னலில் இருந்த காக்கை பறந்துபோனது. அதன் இறக்கைச் சத்தத்துக்குப் பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். அவர் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் நஸ்ரின் பரிசோதித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பூங்கொடிக்குக் குண்டூசி விழுவது கேட்டது. நஸ்ரின் பேசியது, வாசலில் ஆட்டோக்காரர் சண்டை போட்டது, எல்லாமே கேட்டது. உலகத்தில் ஒரே ஒரு குரல்தான் கேட்கவில்லை. நஸ்ரின் திரையைத் திருப்பிக் காட்டினாள். வடிகட்டும் பட்டியலில் ஃபேன், ஃபிரிட்ஜ், மிக்ஸி, சாலை. நடுவில் 'ஆண் குரல், ஒன்று'.

"அத மட்டும் எடுத்துருங்கம்மா" என்றார் மோகனசுந்தரம். ஒரு திருகாணியைக் கழற்றச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"கம்பெனி சாவி இருந்தா ஒரு நிமிஷ வேலை சார். ஆனா சட்டம் விடாது." நஸ்ரின் தயங்கினாள். "அஞ்சு வருஷம் முன்னால ஒரு ஊர்ல ஒரு அம்மாவுக்கு இதே மாதிரி புருஷன் குரல் போயிடுச்சு. அந்தாளு குடிச்சிட்டு வந்து தினமும் திட்டற ஆளு. அவங்க மனசு அந்தக் குரலைக் கேக்கறதையே எப்பவோ விட்டிருக்கு. வீட்ல எல்லாருமா அவங்கள இழுத்துட்டு வந்து, 'நானே விருப்பப்பட்டுக் கேக்கறேன்'னு எழுதி வாங்கிக் குடுத்து, குரலைத் திரும்பச் சேத்துட்டாங்க. மூணாவது மாசம் அந்தம்மா கெணத்துல விழுந்துட்டாங்க. அப்புறம் வந்த சட்டம் இது. ஒருத்தர் மனசு தானா விட்ட சத்தத்தத் திரும்ப அவங்க காதுல திணிக்கக் கூடாது."

"நானே கேக்கறனுங்களே!" என்றாள் பூங்கொடி. "எனக்கு இவரு குரல் வேணுமுங்க. யாரும் என்னைய மெரட்டல."

"தெரியும் மேடம். ஆனா அப்படித்தான் எல்லாரும் எழுதிக் குடுப்பாங்க. பக்கத்துல நின்னு எழுத வெச்சது யாருன்னு காகிதத்துக்குத் தெரியாதே. அதான் காதுக்குச் சொந்தக்காரங்களே கேட்டாலும் முடியாதுன்னு வெச்சுட்டாங்க."

மோகனசுந்தரத்துக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சட்டத்தில் தப்புச் சொல்ல அவருக்கு எதுவும் அகப்படவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"ஒரே ஒரு விலக்கு இருக்கு" என்றாள் நஸ்ரின். "மனசு விட்டதால இல்லாம, ஏதாவது மெஷின் சத்தம் குறுக்க வந்து மொட்டு தப்பாக் கத்துக்கிட்டிருந்தா அது பிழை. பிழையத் திருத்தலாம். அந்த ஏழு நாள்ல உங்க குரல் ரெக்கார்டா எதுலயாவது ஓடிச்சா சார்?"

அவர் முகம் வெளுத்தது. சட்டைப் பை, போர்வை, நூறு மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல நஸ்ரினின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு சார்! இதவிட வேற காரணமே வேண்டாம். மொட்டு எழுதின குறிப்பேட்டை வரவழைக்கறேன். நாப்பது நாள் ஆகும்."

தன் மேல்தான் குற்றம் என்று தெரிந்து ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பியதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போனைத் திறந்து அவளிடம் வரிவரியாகச் சொன்னார். பூங்கொடி படித்துவிட்டு, "உங்க ஸ்பீக்கர் பண்ண வேலையா இது?" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். இருவரும் சிரித்தார்கள்.

ஆனால் நாற்பது நாள் நீளமானது. காலையில் அவள் வானொலிச் செய்தி கேட்பாள், பூக்காரியோடு வாசலில் நின்று பேசுவாள். மாலையில் அவர் செய்த ஸ்பீக்கருக்கு முன் உட்கார்ந்து, பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தைக்கூட ரசிப்பாள். அவர் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். எவனெவன் குரலையோ துல்லியமாகக் கொண்டுவந்து கொட்டுகிற அந்தப் பெட்டிகளை அவர் பொறாமையோடு பார்த்தார். தான் சுற்றிய காயில் மேலேயே வயிற்றெரிச்சல்.

பத்து நாள் பொறுத்தவர் பதினோராம் நாள் மைக் ஒன்றை மாட்டினார். அவர் பேசுவதைச் சற்று மாற்றி, கட்டை குறைத்து, வேறு ஆள் குரலாக ஸ்பீக்கரில் வரும்படி செய்தார். "பூங்கொடி, நாந்தான்" என்றது ஸ்பீக்கர். அவள் துள்ளித் திரும்பினாள். கேட்டுவிட்டது! அவர் பேசினார், பேசினார். அரை மணி நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "யாரோ ஊட்டுக்குள்ள வந்து உங்க பேச்சப் பேசற மாதிரி இருக்குதுங்க. ஆனா பரவால்லீங்க, பேசுங்க."

அதிலிருந்து மூன்றாம் நாள் அந்தக் குரலும் அவளுக்குக் கேட்கவில்லை. நஸ்ரினுக்குப் போன் போட்டார். "நீங்க நிறுத்தற இடம், இழுக்கற இடம் எல்லாத்தையும் வெச்சு அது கண்டுபிடிச்சுடும் சார். அதே ஆளுன்னு பட்டியல்ல சேத்துக்கும்" என்றாள். அப்புறமும் நான்கு குரல் மாற்றிப் பார்த்தார். அதில் ஒன்று மட்டும் இரண்டு நாள் தாங்கியது. கடைசியாகப் போட்டது ஒரு பெண் குரல், மதியச் சாப்பாட்டுக்குள் அதுவும் போயிற்று. மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு நாற்பதாம் நாளுக்காகக் காத்திருந்தார்.

அன்று பூங்கொடியைக் காத்திருப்போர் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் உள்ளே அழைத்தாள் நஸ்ரின். அதிலேயே அவருக்குப் பாதி புரிந்தது.

"குறிப்பேடு வந்துடுச்சு சார். ஸ்பீக்கர் சத்தம் இதோ, தனி எண்ணுல இருக்கு. மூணாம் நாள் காலைல எட்டு முப்பத்திரண்டுக்கு ஆரம்பம். போர்வைக்குள்ளேர்ந்து வந்ததால அதை உங்க குரலாவே மொட்டு எடுத்துக்கல. மெஷின் இரைச்சல்னு ஒதுக்கிடுச்சு."

"அப்ப நான் நேர்ல பேசுன குரல்?"

நஸ்ரின் விரலால் ஒரு வரியைக் காட்டினாள். 'ஆண் குரல், ஒன்று. பின்னணி. நிரந்தரம்.' பக்கத்தில் நேரம். இரண்டாம் நாள், மாலை நான்கு நாற்பது.

ஸ்பீக்கருக்குக் கம்பி கொடுக்கவே இன்னும் பதினாறு மணி நேரம் பாக்கி.

"தப்பா இருக்குமுங்க" என்றார். "அன்னிக்குப் பூரா நான் பேசிட்டே இருந்தனுங்க. அவ கேட்டுட்டே இருந்தா. தலையாட்டுனா, 'அப்படிங்களா'ன்னு கேட்டா."

"'அப்படிங்களா'ன்னு சொன்னதும் இதுல இருக்கு சார். மொட்டு தலையைப் பாக்கறதில்ல, கவனத்தத்தான் பாக்குது." அவள் குரல் இறங்கியது. "முதல் ஒரு மணி நேரம் உங்க குரலுக்கு நூத்துக்கு நூறு. அந்த மாதிரி நான் யாருக்கும் பாத்ததில்ல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. ரெண்டாம் நாள் மத்தியானத்துலேர்ந்து பூஜ்யம்."

"அந்த நாலு நாப்பதுக்கு அவ எதைத்தான் கவனிச்சா? அது இருக்குதுங்களா?"

நஸ்ரின் தேடினாள். "இருக்கு. என்ன சத்தம்னு அதுக்குப் பேர் தெரியல. சின்னதா, டப்பு டப்புன்னு, ஒண்ணு விட்டு ஒண்ணு. அதுக்கு நூத்துக்கு நூறு."

மோகனசுந்தரத்துக்குப் பேர் தெரிந்தது. அன்று மாலை பூங்கொடி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து இவர் குழாயின் நீளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு காயையும் காதருகே கொண்டுபோய் ஒடித்தாள். காம்பு ஒடிகிற அந்தச் சத்தம் நான்கு வருடம் கழித்து அவளுக்குக் கிடைத்திருந்தது. காயில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறாளாக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது முறை அறுத்த கதைக்குப் போனார்.

அவள் மேல் ஒரு துளிகூடக் கோபம் வரவில்லை. வந்தாலாவது தேவலை என்று இருந்தது.

"மேடம்கிட்ட நான் சொல்லட்டுமா சார்?" என்றாள் நஸ்ரின்.

"வேண்டாமுங்க. நீங்க எதும் சொல்லீராதீங்க." எழுந்தவர் கதவருகே நின்றார். "இத வேற யாரும் பாக்க முடியாதுல்லீங்க?"

"அவங்க கேட்டா மட்டும்தான் சார்."

வெளியே வந்தார். பூங்கொடி அவர் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுத்து விரலால் எழுதினார். அதனிடம் பேசி எழுத வைக்க அவருக்கு வாய் வரவில்லை.

'ஸ்பீக்கர்தான் காரணமாம். நான்தான் கெடுத்தேன். ஆனா அத ரெக்கார்டுல நிரூபிக்க முடியலையாம், பூட்டினது பூட்டினதுதானாம். ஒண்ணும் பண்ண முடியாதாம்.'

அவள் இரண்டு முறை படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். செம்புக் கம்பி அறுத்த தழும்புகளைக் கட்டை விரலால் தடவினாள்.

"ஊட்டுக்குப் போயி அதுகளப் போட்டு ஒடச்சுப் போடாதீங்க. நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். வராண்டாவில் போனவர்கள் திரும்பிப் பார்க்க, அவள் கண்ணைத் துடைக்காமலே பேசினாள். "எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. அந்த ரெண்டு நாளு நீங்க பேசுனது இருக்குதுல்லீங்க. ஒரு வார்த்தை உடாமக் கேட்டேன். அத வெச்சே நான் மிச்ச காலத்தை ஓட்டிப் போடுவனுங்க."

அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.